மனிதப் புரதம் ஈ.கோலை பாக்டீரியாவில் கரையவே மாட்டேன் என்கிறது: அடுத்து பிக்கியா ஈஸ்ட்டா, மனித ஹெக் செல்லா?

கேள்வி:
வணக்கம். செல்லுக்கு வெளியே சுரக்கும் ஒரு மனித நொதி எனக்குத் தேவை. 42 கிலோடால்டன், நான்கு டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள், இரண்டு என்-கிளைகோசிலேஷன் (சர்க்கரைச் சங்கிலி ஏறும்) இடங்கள். பிஎல்21 டிஇ3 என்ற ஈ.கோலை ஸ்ட்ரெய்னில் புரதம் ஏராளமாக வருகிறது, ஆனால் அத்தனையும் இன்க்ளூஷன் பாடியாக (கரையாத புரதத் திரளாக) அடிப் பெல்லட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. 18 டிகிரியில் வளர்த்து, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியைக் குறைத்தும் பார்த்தாயிற்று. கரைய உதவும் எம்பிபி டேக்கை (ஒட்டுப் புரதம்) போட்டால் கரைகிறது, டேக்கை வெட்டியதும் வீழ்படிவாகிவிடுகிறது. முதலில் ஆக்டிவிட்டி அளக்க, அப்புறம் முடிந்தால் படிகமாக்க, சில மில்லிகிராம் போதும். பிக்கியா, ஹெக்293 இரண்டுக்கும் வசதி இருக்கிறது. எதில் இறங்கலாம்?

பதில் 1:
ஹெக்293. யோசிக்கவே வேண்டாம். உங்கள் புரதம் மனித செல்லில் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் வழியாகப் போய், அங்கே டைசல்ஃபைடு சேர்ந்து, சர்க்கரை ஏறி, மடிந்து வெளியே வருகிற புரதம். ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் இதில் ஒன்றுமே நடக்காது, அங்கே இருக்கும் ஒடுக்கச் சூழலில் டைசல்ஃபைடு நிலைக்காது. எம்பிபியோடு கரைகிறது என்பதை வைத்து மடிந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அந்த மாதிரியை ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வாய்டு வால்யூமில்தான், அதாவது பெரிய திரளாக முதலிலேயே வெளியே வரும். பிஇஐ பாலிமரை வைத்துத் தற்காலிக டிரான்ஸ்ஃபெக்ஷன் செய்தால் (டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தினால்), பிளாஸ்மிட் கையில் இருக்கும் பட்சத்தில், ஒரு வாரத்துக்குள் சூப்பர்நேட்டன்டில் (செல்லை நீக்கிய மேல்திரவத்தில்) புரதம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பதில் 2:
பிக்கியாவை இப்படி ஒதுக்குவது சரியில்லை. அதுவும் யூகேரியோட்தான், டைசல்ஃபைடு நன்றாகப் போடும், ஊடகம் மலிவு, தன் புரதங்களை அதிகம் சுரக்காததால் சுத்திகரிப்பும் எளிது. சர்க்கரை ஹை-மேனோஸ் வகையாக வரும், மனித வகை வராது; ஆனால் படிகத்துக்கு எண்டோ எச் என்ற நொதியைப் போட்டு வெட்டிவிடலாம். நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது வேறு: புரதத்தைச் சுரக்க வைக்கும் ஆல்ஃபா ஃபேக்டர் சிக்னலை வெட்டும் கெக்ஸ்2 என்ற ஈஸ்ட் நொதி, லைசின்-ஆர்ஜினின் ஜோடிக்குப் பின்னால் வெட்டும். உங்கள் வரிசையில் வெளியே தெரிகிற இடத்தில் அப்படி ஒரு ஜோடி இருந்தால் புரதம் துண்டாகித்தான் வரும். அப்புறம், ஒரே ஒரு காலனியை வளர்த்துப் பார்த்துவிட்டு வரவில்லை என்று முடிவுகட்டாதீர்கள், ஜீன் பிரதி எண்ணிக்கை காலனிக்குக் காலனி மாறும்.

பதில் 3:
இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனாலும் ஈ.கோலையை இத்தோடு மூட வேண்டாம். 1982-இல் அனுமதி பெற்ற மனித இன்சுலின் ஈ.கோலையில்தான் தயாரானது; இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியாக எடுத்து வெளியே சேர்த்தார்கள். அது சிறியது, சர்க்கரையும் கிடையாது. 17 டைசல்ஃபைடு உள்ள டிபிஏவுக்கு (இரத்தக் கட்டியைக் கரைக்கும் புரதம்) வந்தபோது சிஎச்ஓ எனும் ஹாம்ஸ்டர் செல்லுக்குத்தான் போனார்கள், அந்த மருந்து 1987-இல் அனுமதி பெற்றது. உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஷஃபிள் என்ற ஈ.கோலை ஸ்ட்ரெய்னில் சைட்டோபிளாசத்திலேயே டைசல்ஃபைடு உருவாகும், தப்பாகச் சேர்ந்ததைத் திருத்தும் டிஎஸ்பிசி நொதியும் அங்கேயே இருக்கிறது. இருக்கிற பிளாஸ்மிட்டையே அதற்குள் செலுத்திப் பார்க்கலாம், செலவே இல்லை. ஆனால் மடிவதற்கே சர்க்கரை தேவைப்படும் புரதமாக இருந்தால் ஷஃபிளும் கைகொடுக்காது. பூச்சி செல்லை இதற்கு நான் எடுக்கமாட்டேன், அதற்கு ஜீனைக் கொண்டுபோகும் வைரஸைப் பெருக்கி டைட்டர் (வைரஸ் அளவு) பார்ப்பதற்கே வாரக்கணக்கில் போய்விடும். பெரிய உள்செல் கூட்டுப்புரதம், கைனேஸ் என்றால் அது வேறு கதை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வரிசையைப் பார்த்தேன், நடுவில் ஒரு லைசின்-ஆர்ஜினின் ஜோடி இருக்கிறது, ஒரு லூப்பில். அப்படியென்றால் ஹெக்கிலேயே தொடங்குகிறேன். ஷஃபிளை அதோடு பக்கத்தில் ஓட்டலாம். படிகத்துக்கு ஹெக் சர்க்கரை இடைஞ்சலாக இருக்காதா?

பதில் 1:
இருக்கும், ஒரே சீராக வராது. ஆக்டிவிட்டிக்குச் சாதாரண ஹெக் போதும். படிகத்துக்கு சர்க்கரையைச் சிக்கலாக்கும் ஜிஎன்டி1 நொதி இல்லாத ஹெக்293எஸ் செல்லுக்கு மாறுங்கள், இல்லையென்றால் சர்க்கரை வெட்டப்படுவதைத் தடுக்கும் கிஃபுனென்சினைச் சேருங்கள். இரண்டிலும் எண்டோ எச் வெட்டக்கூடிய சர்க்கரைதான் வரும், வெட்டியபின் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு என்-அசிட்டைல்குளுக்கோசமைன் மிஞ்சும். இன்னொன்று: நிக்கல் பத்தியில் பிடிக்க உதவும் ஹிஸ் டேகை சி-முனையில் (புரதத்தின் கடைசி முனையில்) வையுங்கள். சில ஹெக் ஊடகங்கள் நிக்கலைப் பிடுங்கிவிடும், நிக்கல் பத்தி வெளுத்தால் ஏற்றும் முன் சூப்பர்நேட்டன்டை டயாலிசிஸ் செய்துவிடுங்கள்.