அட்டையில் எம்ஆர் இருந்தால் பொன்னுக்கு வீங்கிக்குப் போட்டாயிற்று என்று அர்த்தமில்லை

குழந்தைகள் நல மருத்துவர்

"எல்லா ஊசியும் போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்தது?" கன்னம் வீங்கிய பிள்ளையைத் தூக்கிவரும் அம்மாக்கள் முதலில் கேட்பது இதுதான். பதில் அவர்கள் கையிலிருக்கும் தடுப்பூசி அட்டையிலேயே இருக்கும். 9 மாதம் முடிந்ததும் எம்ஆர், 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு எம்ஆர். அரசு அட்டவணையில் உள்ள இந்த ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். மூன்று நோய்களுக்குமான எம்எம்ஆர் ஊசியில் கூடுதலாக இருக்கும் இன்னொரு எம்தான் பொன்னுக்கு வீங்கி (மம்ப்ஸ்), அதாவது புட்டாளம்மை. 2017 பிப்ரவரியில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பள்ளிப் பள்ளியாகப் போட்ட முகாம் ஊசியும் எம்ஆர்தான். அந்த அம்மா எதையும் தவறவிடவில்லை. அதை முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீணாகக் குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போவார்.

இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை எம்எம்ஆர் மூன்று டோஸ்: 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயதுக்குள். எம்ஆர் மட்டும் போட்டு வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு எம்எம்ஆர் இரண்டு டோஸ், நடுவில் குறைந்தது 4 வாரம். "தட்டம்மை மருந்து கூடுதலாகப் போய்விடாதா?" என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே எதிர்ப்பு வந்துவிட்ட உடம்பு ஊசியிலுள்ள வைரஸைப் பெருகவே விடாது.

எம்எம்ஆர் ஒரு டோஸில் நான்கு பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் பொன்னுக்கு வீங்கியிலிருந்து பாதுகாப்பு. இரண்டாவது டோஸ் அதை நூற்றுக்கு 85-ஐ ஒட்டிக் கொண்டுபோகும். அதனால் ஊசி போட்டவருக்கும் வரலாம், ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போகும். விதைப்பை வீக்கம், மூளைக்காய்ச்சல் வரை போவது வெகுவாகக் குறைகிறது.

தடுப்பூசி அறைச் செவிலியர்

டாக்டர் அட்டையைச் சொன்னார். அட்டை சரியாக இருந்தும் ஊசி வீணாவது ஃப்ரிட்ஜுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவில். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். சூடும் வெளிச்சமும் ஆகாது. வைக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள், கதவுத் தட்டில் அல்ல.

குப்பியின் மூடியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் இருந்தால் அதுதான் சூடு பட்டதைக் காட்டும் குறி. சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால், காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் அந்தக் குப்பி வேண்டாம். குப்பியிலுள்ள மருந்துப் பொடியைக் கலக்கும் நீரும் குப்பியைப் போலவே குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள். மேசையில் கிடந்த நீரை ஊற்றினால் பொடியிலுள்ள வைரஸ் அந்தச் சூட்டிலேயே செத்துப்போகும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

ஸ்பிரிட்டால் துடைத்த உடனேயே குத்துவது இன்னொரு தவறு. தோல் உலர வேண்டும். ஸ்பிரிட்டும் வைரஸைக் கொல்லும். அளவு 0.5 மி.லி., தோலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து 45 டிகிரி சாய்வில் தோலுக்கு அடியில். கைக்குழந்தைக்குத் தொடையில், வளர்ந்தவர்களுக்கு மேல்கையில். ஒரு டோஸ் குப்பியைக் கலந்ததும் போட்டுவிட வேண்டும். பல டோஸ் குப்பியென்றால் 4 மணி நேரம்தான். கலந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதுங்கள்.

கம்பெனி கூடவே தரும் நீரைத் தவிர வேறு எதிலும் கலக்கக் கூடாது. 2018 ஜூலையில் பசிபிக் தீவு நாடான சமோவாவின் சவாய் தீவில் எம்எம்ஆர் பொடியைத் தண்ணீருக்குப் பதில் காலாவதியான தசைத்தளர்வு மருந்தில் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசியின் மேலேயே பயம் வந்து, போடுவோர் குறைந்தார்கள். 2019-இல் அங்கே தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். குப்பி, நீர் இரண்டின் லேபிளையும் வாய்விட்டு வாசித்துவிட்டுக் கலப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பொது மருத்துவர்

பெரியவர்களில் அதிகம் வருவது அமெரிக்கா போகும் மாணவர்கள், அதுவும் ஜூலைக் கடைசியில். பல பல்கலைக்கழகங்கள் கேட்பது எம்எம்ஆர் இரண்டு டோஸ், 28 நாள் இடைவெளியில். எனவே விசா வரும் வரை காத்திருக்காமல் மே மாதமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட டோஸை அங்கே கணக்கில் எடுப்பதில்லை. 9 மாத ஊசி அதனால் உதவாது. எம்ஆரும் பொன்னுக்கு வீங்கிக்கு ஈடாகாது.

படிவத்தில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜூன் 10, ஜூலை 9 என்று போட்ட இரண்டு ஊசிகளை 10/06, 09/07 என்று எழுதினால், அங்கே அக்டோபர் 6, செப்டம்பர் 7 என்று வாசிப்பார்கள். இரண்டாவது ஊசி முதலாவதற்கு முன்னால் வந்து நிற்கும், படிவம் திரும்பி வரும்.

கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் போடலாம். ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 20 மி.கி.க்குக் குறையாமல் இரண்டு வாரம் எடுத்தவர் நிறுத்தி ஒரு மாதம் கழித்து வரட்டும். புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு அவருடைய மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். முட்டை ஒவ்வாமை தடையே இல்லை. ஊசியிலுள்ள நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கோ ஜெலட்டினுக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால்தான் தடை.

ஒரு தாய்

தம்பிக்கு நேற்றுக் கன்னம் வீங்கியது. அண்ணனுக்கு இன்றே ஊசி போட்டால் தப்பிப்பானா?

குழந்தைகள் நல மருத்துவர்

இந்த முறைக்கு அதை நம்ப முடியாதம்மா. வீக்கம் தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே தொற்றும். ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய அண்ணனுக்கு ஏற்கெனவே போயிருக்கும். வருவதானால் 12 முதல் 25 நாளுக்குள் தெரியும். ஆனாலும் போடுங்கள், கெடுதல் இல்லை. இப்போது தொற்றாமல் விட்டிருந்தால் அடுத்த முறைக்கு உதவும். தம்பியை வீங்கிய நாளிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், டம்ளரும் துண்டும் தனி.

அண்ணனுக்குப் போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஊசிக் காய்ச்சல் அன்றிரவு வராது, 7 முதல் 12 நாளுக்குள் வரும்.

தம்பிக்குப் பொன் சங்கிலி போடுவதும் வேப்பிலை கட்டுவதும் உங்கள் விருப்பம். புளிப்பு, எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். எச்சில் சுரந்தால் வலி கூடும். ஆஸ்பிரின் கூடாது, பாராசிட்டமால் போதும். விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, விதைப்பையில் வலி, இதில் எது வந்தாலும் உடனே கூட்டி வாருங்கள். வீக்கம் வடிந்தபின் போனை வலது காதில் ஒருமுறை, இடது காதில் ஒருமுறை வைத்துப் பாட்டியோடு பேசச் சொல்லிப் பாருங்கள். இந்த நோயில் காது போவது அபூர்வம்தான், ஆனால் போனால் பெரும்பாலும் ஒரு காதுதான் போகும், பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது.