மூன்றாம் சுற்றில் வெளுத்து வாங்கியவன் தோற்றது எப்படி?

டிக்கோயா தம்பி: ஞாயிறு ஹட்டன் பாடசாலைக் குத்துச்சண்டையில் நீல மூலையில் நின்ற எங்கள் பையனைக் கவிழ்த்துவிட்டார்கள். மூன்றாம் சுற்றில் சிவப்பு மூலைக்காரனைக் கயிற்றோடு சாய்த்து அடித்தான். சிவப்பு தடுமாறியதால் ரெஃப்ரி சண்டையை நிறுத்தி எட்டு வரை எண்ணினார். கடைசியில் ஐந்து நடுவர்களில் மூன்று பேர் சிவப்புக்கு, 3-2 என்று அவன் கையைத் தூக்குகிறார்கள்!

பண்டாரவளை காற்று: நானும் அங்கேதான் இருந்தேன், தம்பி. முதல் இரண்டு சுற்றில் உங்கள் நீலம் முன்னால் முன்னால் போனான், சரி. அடித்ததில் பாதி எதிராளியின் முழங்கையில்தானே விழுந்தது? சத்தம் வரும், கணக்கில் வராது. கையுறையின் முட்டிப் பகுதி தலையின் முன்புறத்திலோ பக்கத்திலோ, பெல்ட்டுக்கு மேலே உடம்பிலோ படவேண்டும். சிவப்பு பின்வாங்கிக்கொண்டே மூக்கில் தட்டித் தட்டி எடுத்தான்.

டிக்கோயா தம்பி: தட்டினதெல்லாம் அடியா அண்ணே?

பண்டாரவளை காற்று: சுத்தமாகப் பட்டால் அடிதான். ஒவ்வொரு சுற்றும் தனிக் கணக்கு. மயிரிழையில் எடுத்தாலும் 10-9, எடுத்தவனுக்கு 10, விட்டவனுக்கு 9. இரண்டு சுற்றை அப்படி எடுத்தவன், மூன்றாவதை 9-10 என்று விட்டாலும் 29-28இல் ஜெயிப்பான்.

தலவாக்கலை அக்கா: அந்த மூன்றாம் சுற்று ஒரேயடியாக நீலத்தின் பக்கம்தான், அதற்கு 10-8 போட்டிருக்கவேண்டும். போட்டால் 28-28. அப்போது நடுவர் ஒருவரைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

பண்டாரவளை காற்று: எட்டு எண்ணியதற்காக மட்டும் அமெச்சூரில் கூடுதல் புள்ளி கிடையாது அக்கா.

டிக்கோயா தம்பி: 1988 சியோல் ஒலிம்பிக்கை மறந்தாச்சா? இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 அடி, கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 என்று டிவிக்காரர்கள் எண்ணினார்கள். தங்கம் பார்க்குக்கு. அங்கேயும் 3-2!

பண்டாரவளை காற்று: அதனால்தானே 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அடி பட்டதும் அமுக்க நடுவர்களுக்குப் பொத்தான் வைத்தார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் அமுக்கினால் ஒரு புள்ளி. என்ன ஆச்சு? வயிற்றில் விழுந்த அடி பாதி கணக்கில் ஏறவில்லை. பையன்கள் தொட்டுவிட்டு ஓடப் பழகினார்கள். 2013இல் அதைத் தூக்கிவிட்டு 10 புள்ளிக்கு வந்தார்கள்.

தலவாக்கலை அக்கா: வந்தும் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தோற்ற அயர்லாந்துக்காரன் மைக்கேல் கான்லன் நடுவர்களைத் திட்டிக் கத்தியது உலகத்துக்கே கேட்டது. சில நடுவர்களை இடையிலேயே விலக்கினார்கள். எனக்கென்னவோ உட்காரும் இடமும் பெரிய விஷயம். ஞாயிறு நான் இருந்த பக்கத்துக்குப் பாதி நேரம் ரெஃப்ரியின் முதுகுதான் தெரிந்தது.

டிக்கோயா தம்பி: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஐந்து பேரின் புள்ளியையும் சுற்றுவாரியாகச் சுவரில் ஒட்டட்டும்.

பண்டாரவளை காற்று: கேளுங்கள், தப்பில்லை. பையனிடமும் முதல் சுற்றிலிருந்தே முன்னால் இருக்கும் இடது கையை நீட்டி ஜேப், அதாவது சட்டென்று நேர்க்குத்து, போடச் சொல்லுங்கள்.

டிக்கோயா தம்பி: அண்ணே, அவன் இடதுகைக்காரன். வலது கையை முன்னால் வைத்துத்தான் நிற்பான். நீங்கள் எந்தப் பையனைப் பார்த்தீர்கள்?