ரோட்டுல ஓடினா ஜில், சிக்னல்ல நின்னா அனல்: கார் ஏசியில என்ன கோளாறு?

உப்பங்காத்து, கடலூர்:

எல்லாருக்கும் வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் வண்டி, சின்ன கார். தேவனாம்பட்டினத்துல பீச்சுக்குப் பக்கம் வீடு. ஷெட் கிடையாது, வண்டி வாசல்லயேதான் நிக்கும். அம்மாவை புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வர இந்த வண்டிதான்.

ஆல்பேட்டை பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில்னு ஓட்டத்துல இருக்கிற வரைக்கும் ஏசி ஜில்லுனு இருக்கு. மரப்பாலம் சிக்னல்ல நின்னா போச்சு. முதல்ல வெறும் காத்து, அப்புறம் சூடு. வண்டி நகர்ந்ததும் தானாவே சரியாகுது. இஞ்சின் டெம்பரேச்சர் முள் நடுவுலயே நிக்குது, ஏறல.

போன புரட்டாசியிலயும் இதே கதைதான். ஒரு கடையில கேஸ் கம்மின்னு சொல்லி அடிச்சு விட்டாங்க. அப்புறம் மழை வந்துடுச்சு, பிரச்சனை தெரியல. இப்போ கத்திரி வெயில்ல மறுபடியும் ஆரம்பம். திரும்பவும் கேஸ்தான்கிறாங்க, பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கல. வருஷா வருஷம் அடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

இன்னொண்ணு, அம்மா உட்கார்ற இடது பக்கம் கால் மேட் நனைஞ்சு கிடக்கு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கு. வீட்டுலயே எதைப் பார்க்கலாம்?

வில்லியனூர் ரைடர்:

கேஸ்தான் ப்ரோ. ஆன்லைன்ல சின்ன டப்பா கிடைக்குது, ஹோஸோட வரும். நீங்களே போட்டுக்கலாம், கடைக்காரனுக்கு எதுக்குத் தண்டம்?

முதுநகர் ஏசிக்காரர்:

ரைடர் தம்பி, அந்த டப்பா யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க. உள்ள ஏற்கெனவே எவ்வளவு இருக்குன்னு தெரியாம மேல மேல அடிச்சா பிரஷர் எகிறி கம்ப்ரசருக்குத்தான் ஆபத்து. சில டப்பாவுல லீக் அடைக்கிற பசை வேற கலந்திருக்கும், அது வால்வுல போய் உட்கார்ந்துக்கும். கேஸ் திரவமா கையில பட்டா தோல் உறைஞ்சு புண்ணாயிடும். கார் ஏசியில இருக்கிற ஆர்-134ஏ கேஸ் கொதிக்கிறதே மைனஸ் 26 டிகிரியில.

உப்பங்காத்து தம்பி, நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. கேஸ் நிஜமாவே குறைஞ்சிருந்தா ரெட்டிச்சாவடி ரோட்டுலயும் இப்படி ஜில்லுனு வராது. ஓட்டத்துல நல்லா இருந்து, நின்னா போகுதுன்னா கன்டென்சருக்குக் காத்து கிடைக்கலைன்னு அர்த்தம். கிரில்லுக்குப் பின்னாடி, ரேடியேட்டருக்கு முன்னாடி சன்னமான தகடா அடுக்கி இருக்கே, அதுதான் கன்டென்சர். உள்ள இருந்து இழுத்த சூட்டை அங்கதான் வெளிய விடணும். ஓடுறப்போ எதிர்க்காத்து அந்த வேலையைப் பார்த்துக்கும். நின்னா ஃபேன்தான் பார்க்கணும். ஃபேன் சுத்தலைன்னா பிரஷர் ஏறிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திடும். மரப்பாலத்துல நடக்கிறது அதுதான்.

முள் ஏறலைன்னு சொன்னது நல்ல துப்பு. பல சின்ன கார்ல ரேடியேட்டருக்கு ஒரு ஃபேன், கன்டென்சருக்குத் தனியா ஒண்ணு இருக்கும். முதல் ஃபேன் ஓடுது, ரெண்டாவது படுத்திருக்கும்னு நினைக்கிறேன்.

சாயங்காலம் வண்டியை நியூட்ரல்ல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஏசியை முழுசா வச்சுட்டு முன்னாடி வந்து பாருங்க. கம்ப்ரசர் கிளட்ச் ‘டக்’குனு பிடிச்சதும் கன்டென்சர் ஃபேனும் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ். அது நல்லா இருந்தா ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்து விடுற குட்டி ஸ்விட்ச். ஹாரன் ரிலேயும் அதே நம்பரா இருந்தா மாத்திச் சொருகிப் பாருங்க, செலவே இல்லாத டெஸ்ட். அதுலயும் ஓடலைன்னா மோட்டாரோட முதுகுல ஒரு குச்சியால லேசா தட்டுங்க. தட்டினதும் சுத்தினா உள்ள கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கு. இறக்கைக்கிட்ட விரலைக் கொண்டு போகாதீங்க, எப்போ ஓட ஆரம்பிக்கும்னு சொல்ல முடியாது.

கேஸ் விஷயம்: அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற சாமான் இல்ல. வருஷா வருஷம் அடிக்கிற அளவுக்குக் குறையுதுன்னா ஓட்டை இருக்கு. அதைக் கண்டுபிடிச்சு அடைச்சு, வாக்கம் போட்டு (உள்ள இருக்கிற காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்து), பானெட் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம் போட்டிருக்கோ அத்தனையை எடை போட்டுத்தான் ஏத்தணும். போன தடவை கேஸ் அடிச்சு சரியான மாதிரி தெரிஞ்சது ஐப்பசி மழையால. வெயில் தணிஞ்சா ஃபேன் இல்லாமலே சமாளிச்சுடும்.

தவளக்குப்பம் டீச்சர்:

ஈரத்துக்கு மட்டும் சொல்றேன், எங்க வண்டியிலயும் இதே கூத்து நடந்தது. கூலிங் காயில்ல வேர்க்கிற தண்ணி ஒரு ரப்பர் குழாய் வழியா வண்டிக்கு அடியில சொட்டணும். அது அடைச்சா உள்ள திரும்பி மேட்ல இறங்கும். எங்க வண்டி வேப்பமரத்தடியில நிக்கும், அந்தக் குப்பையெல்லாம் குழாய்க்குள்ள. கூர்க்கம்பி விட்டுக் குத்தாதீங்க, காயில் ஓட்டையாகலாம். வெளிப்பக்கத்துல இருந்து மெதுவா காத்து ஊதினாலே போதும். முதல்ல அந்த ஈரத்தைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு, இனிப்பு வாசனையா இருந்தா அது கூலன்ட், இஞ்சினைக் குளிர வைக்கிற திரவம். அப்போ ஹீட்டர் பக்கம் லீக், அது வேற வைத்தியம்.

கையோட கிளவ் பாக்ஸைக் கழட்டி ஏசி ஃபில்டரையும் பார்த்துடுங்க அண்ணா. எங்களோடது கறுப்பா கம்பளி கணக்கா வந்தது.

உப்பங்காத்து, கடலூர்:

ஏசிக்காரர் அண்ணா, நீங்க சொன்னதேதான். கிளட்ச் பிடிக்குது, ஃபேன் அசையல. ஃபியூஸ் நல்லா இருக்கு. ரிலே மாத்தியும் ஓடல. சாக்கெட்ல 12 வோல்ட்டுக்கு மேலயே வருது. குச்சியால தட்டினேன், ஒரு முனகலோட சுத்த ஆரம்பிச்சது, ஏசியும் நின்ன இடத்துலயே ஜில்லுனு ஆச்சு! மறுநாள் காலையில பழையபடி படுத்துடுச்சு.

டீச்சர் அம்மா, மேட்ல வெறும் தண்ணிதான். குழாயை ஊதினதும் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டுச்சு. நன்றி.

கன்டென்சர் தகடுல வெள்ளையா பூத்திருக்கு, கை வச்சா சில இடத்துல உதிருது. அதையும் மாத்தணுமா? மோட்டார் மட்டும் வாங்கினா போதுமா, ஃபேன் செட்டாவே வாங்கணுமா?

முதுநகர் ஏசிக்காரர்:

ஃபேன் இறக்கையும் அதைச் சுத்தியிருக்கிற கூடும் உடையாம இருந்தா மோட்டார் மட்டும் போதும். பழைய மோட்டாரைக் கையில எடுத்துக்கிட்டுப் போய் ஷாஃப்ட் அளவு பார்த்து வாங்குங்க. சாக்கெட் பின்ல பச்சை பிடிச்சிருந்தா சுரண்டிச் சுத்தம் பண்ணுங்க, உங்க ஏரியாவுல அது கட்டாயம் இருக்கும்.

வெள்ளையா பூத்தது உப்புக்காத்து அலுமினியத்தைத் தின்ன அடையாளம். கூலிங் வர்ற வரைக்கும் கன்டென்சரை மாத்த வேண்டாம். எங்கயாவது எண்ணெய்க் கறை மாதிரி ஈரம் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, அங்கதான் கேஸ் போகுது. வாட்டர் வாஷ்ல பிரஷர் பைப்பைக் கிட்ட வச்சு அடிக்க விடாதீங்க, தகடு மடங்கிடும். வீட்டு ஹோஸ்ல சாதாரணமா தண்ணி விட்டுக் கழுவினா போதும்.

மோட்டார் மாட்டினதும் ஒரு துண்டுக் காகிதத்தை கிரில்லுக்கு முன்னாடி காட்டுங்க. காகிதம் உள்பக்கம் இழுக்கணும். வெளிய தள்ளினா ரெண்டு வயரும் மாறியிருக்கு, ஃபேன் எதிர்ப்பக்கம் சுத்துது.