ஊரடங்கு நாட்களைச் செட்டிநாட்டு வீடுகள் எப்படிக் கடந்தன: எங்கள் அனுபவங்கள்

கானாடுகாத்தான் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

2020 மார்ச் 24 அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் எண்பது வயதைக் கடந்த என் மாமியாரும் மட்டுமே இருந்தோம். மூத்த மகன் சிங்கப்பூரிலும் இளையவன் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதியே நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டதால், இங்கே என்ன வரப்போகிறது என்பதை இளையவன் முன்னதாகவே தொலைபேசியில் விவரமாகச் சொல்லிவிட்டான். மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரைகளைக் கூடுதலாக வாங்கி வைக்க அது உதவியது.

பெரிய வீட்டில் இருக்கிறீர்கள், சரக்கு அறை நிறையச் சாமான் இருக்கும், உங்களுக்கென்ன குறை என்று சென்னையில் உள்ள உறவினர்கள் பலர் கேட்டார்கள். அதில் பாதி உண்மைதான். மாசி, பங்குனியில் புதுப் புளியும் மிளகாயும் வந்து இறங்கியதும் ஆண்டுச் சாமானை வாங்கி, வெயிலில் காயவைத்து, ஜாடிகளில் அடைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்த காலத்தில், வீட்டைத் தனியாக நடத்திய பெண்கள் வளர்த்த பழக்கம் அது. வாரச்சந்தை மூடப்பட்டதால் விற்க வழியில்லாமல் தள்ளுவண்டியில் வந்த கத்திரிக்காயை நாங்கள் மொத்தமாக வாங்கினோம். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே துண்டுகளின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தப் பதத்தில் வேகவைத்து இறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, வீட்டின் முற்றப் பகுதியான வளவின் நடுவில் பாய் விரித்து நான் காயவைத்தேன். சித்திரை வெயிலுக்கு இரண்டாம் நாளே வற்றல் கலகலவென்று காய்ந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் குழம்புக்கு அதுதான் கைகொடுத்தது.

மற்றப் பாதியை அந்த உறவினர்கள் அறியவில்லை. இந்த வீடுகள் பலர் கூடி வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை. பெருக்குவது, தண்ணீர் இறைப்பது, முகப்பிலிருந்து அடுப்படிவரை நடப்பது என எல்லாமே முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பெரும் வேலை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் அடுத்த ஊரிலிருந்து பேருந்தில் வருபவர். பேருந்து நின்றதும் அவரால் வர இயலவில்லை. வராத மாதங்களுக்கும் முழுச் சம்பளத்தை அவருடைய வங்கிக் கணக்கில் என் கணவர் போட்டுவந்தார். எங்கள் ஊரில் சில வீடுகளில் வேலைக்கு வராதவருக்கு எதற்குச் சம்பளம் என்று நிறுத்திவிட்டார்கள். அது நியாயமில்லை என்று அப்போதே அவர்களிடம் சொன்னேன். இங்கும் அதையே சொல்கிறேன். நாம் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருக்க முடிந்ததே, அவர்கள் வருமானத்தை இழந்து வீட்டில் இருந்ததால்தான்.

தெருவில் தனியாக வசிக்கும் ஆச்சி ஒருவரைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். பின்கட்டில் ஒருவர் விழுந்து கூப்பிட்டால் முன்தெருவில் நிற்பவருக்குக் கேட்காது. ஆகவே, காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தால் ஆச்சி நலம், ஏழு மணிக்குள் கோலம் இல்லையென்றால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்று தெருவில் பேசி வைத்துக்கொண்டோம். பால்காரர்தான் இதில் பெரும் துணை. பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஆச்சி, பால் வச்சிருக்கேன், நான் போன பொறகு வந்து எடுத்துக்கங்க" என்று தெருவிலிருந்தே குரல் கொடுப்பார். பதில் கேட்ட பிறகுதான் நகர்வார். வைகாசியில் ஒரு நாள் பதில் வரவில்லை. அவர் எங்கள் கதவைத் தட்ட, பின்தெரு வழியாகப் போய்ப் பார்த்தபோது ஆச்சி மயக்கமாகக் கிணற்றடியில் சாய்ந்திருந்தார். 108 வண்டி வந்தது. சர்க்கரை குறைந்ததால் வந்த மயக்கம் என்றார்கள். சில நாட்களில் நலமாகத் திரும்பி வந்தார்.

பணம் எடுப்பதும் அப்போது எளிதாக இல்லை. வங்கிக்குப் போக ஆட்டோ கிடையாது. போனாலும் வெயிலில் வரிசை. அஞ்சல் துறையினர் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து விரல்ரேகை வைத்து வீட்டிலேயே பணம் எடுக்க வசதி செய்தார்கள். எங்கள் ஊர் அஞ்சல்காரர் சிறு கருவியுடன் திண்ணை திண்ணையாக ஏறி இறங்கினார். முதியவர்களின் விரல்ரேகை தேய்ந்து பதியாதபோது, ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்த்துப் பொறுமையாக நின்றார்.

2020 ஜூனில் சென்னையில் தொற்று மிகுந்தபோது, எங்கள் பங்காளிக் குடும்பம் ஒன்று, மாவட்டம் விட்டு மாவட்டம் வர அப்போது தேவைப்பட்ட இ-பாஸ் என்னும் அனுமதிச்சீட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தது. இது பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. அவர்களுடைய புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இரண்டாம் கட்டில் அறை இருக்கிறது. வருபவர்கள் பதினான்கு நாட்கள் தனித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இத்தனை பெரிய வீட்டில் அது எளிது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பழைய வீடுகளில் அறைகள் ஏராளம், குளியலறையும் கழிப்பறையும் கடைசிக் கட்டைத் தாண்டிக் கொல்லையில் மட்டும். இரண்டாம் கட்டில் தங்கியவர் ஒவ்வொரு முறையும் அடுப்படியைக் கடந்துதான் போக வேண்டும். பேசிப் பார்த்து, அவர்களை முகப்பை ஒட்டிய அறையில் தங்கவைத்தோம். பக்கத்துச் சந்து வழியாக வெளியே சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போகலாம். அங்கே இருந்த இரண்டில் ஒரு கழிப்பறையை அவர்களுக்கென்று ஒதுக்கினோம். மாமியாருக்கு இதில் சம்மதமே இல்லை. "சொந்த வீட்டுக்கு வந்த பிள்ளைகளை முகப்புலயா உக்கார வைக்கிறது?" என்று கண் கலங்கினார். மருத்துவர் தொலைபேசியில் எடுத்துச் சொன்ன பிறகே அமைதியானார். மாலையில் அவர்கள் நிலைக்கதவு அருகிலும் நாங்கள் வளவின் எதிர்ப்பக்கத் தாழ்வாரத்திலும் உட்கார்ந்து பேசுவோம். நடுவில் வானம் பார்த்த முற்றம். குழந்தைகள் அங்கிருந்து பாடம் ஒப்பிக்க, மாமியார் இங்கிருந்து கேட்பார். முற்றமும் காற்றோட்டமும் இல்லாத வீட்டில் இப்படிச் செய்திருக்க முடியாது.

காரைக்குடியிலிருந்து, பலகாரத் தொழில் செய்யும் குடும்பத்தின் மகள்

மேலே ஆசிரியையம்மா சம்பளத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் நிலையையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் அம்மா கல்யாண வீடுகளுக்குச் சீர்ப் பலகாரம் செய்து கொடுப்பவர். அப்பா கல்யாணச் சமையலுக்குப் போகும் குழுவில் வேலை செய்பவர். எங்கள் வருமானம் முழுவதும் முகூர்த்த நாட்களைச் சார்ந்தது. பங்குனியிலும் வைகாசியிலும் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஆடி மாதத்தை ஓட்டுவோம்.

ஊரடங்கு அறிவிக்கப்பட்ட வாரத்தில் மணகோலத்துக்கும் தேன்குழலுக்கும் மாவு திரித்தாயிற்று. அதிரசத்துக்குப் பாகு கூட்டி மாவு எடுத்து வைத்தாயிற்று. எண்ணெய் டின்களும் வந்து இறங்கிவிட்டன. கல்யாணங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. பாகு கூட்டிய மாவு சில வாரங்கள் தாங்கும். மற்ற மாவு வண்டு பிடித்துவிடும். அம்மா அதையெல்லாம் முறுக்காகச் சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார். முன்பணம் கொடுத்தவர்களில் சிலர் திருப்பிக் கேட்டார்கள். அவர்களுக்கும் செலவு இருந்திருக்கும், கொடுத்துவிட்டோம். ஒரு வீட்டு ஆச்சி மட்டும், "கல்யாணம் எப்ப நடந்தாலும் பலகாரம் உங்கிட்டதான், பணம் அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பணம்தான் ஏப்ரல் மாதம் எங்களுக்கு அடுப்பு எரிய வைத்தது. அதோடு நியாயவிலைக் கடையில் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும், விலையில்லா அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும். டோக்கனில் எழுதியிருந்த நேரத்துக்குப் போய், தரையில் வரைந்த வட்டங்களில் நின்று வாங்கி வந்தோம்.

பசியைவிடக் கடன்தான் எங்களை அதிகமாக அச்சுறுத்தியது. அம்மா மகளிர் குழுவின் மூலம் ஒரு நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தார். தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அறிவித்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஆனால் ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதை எங்கள் தெருப் பெண்களுக்கு யாரும் விளக்கவில்லை. வசூலுக்கு வருபவர் மே மாதமே தொலைபேசியில் நெருக்கத் தொடங்கிவிட்டார். அம்மா தன் கம்மலை அடகு வைத்துத் தவணை கட்டினார். வேலையே இல்லாத மாதத்தில் தவணை கேட்பது கொடுமை. சட்டம் அனுமதித்த சலுகையைக் கேட்டு வாங்கும் துணிவு ஏழைப் பெண்களுக்கு வர வேண்டுமானால், அருகில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு தள்ளித் தள்ளிப் போய், ஜூன் 9 அன்று ரத்தாகி எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஸ்மார்ட்போன். பதினோராம் வகுப்புப் பாடங்களை அவன் பெரும்பாலும் கல்வித் தொலைக்காட்சியில் பார்த்தான்.

தளர்வுகள் வந்த பிறகு அம்மா தொழிலை மாற்றிக்கொண்டார். கல்யாணத்துக்குக் கூடை கூடையாகச் சுட்டவர், அரைக் கிலோ, கால் கிலோ என்று வாட்ஸப்பில் கேட்பவர்களுக்குச் சுட்டார்; அப்பா சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். கூரியர் ஓடத் தொடங்கியதும் சென்னைக்கும் கோவைக்கும் பெட்டிகள் போயின. சீப்புச்சீடை வழியில் நொறுங்கிவிடும் என்பதால் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடுக்குக்கு அடுக்கு வைத்து அனுப்பினோம். ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதியால் மண்டபக் கல்யாணங்கள் குறைந்து, பூட்டிக்கிடந்த பழைய வீடுகளில் சில கல்யாணங்கள் நடந்தன. அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது; முன்பு பத்துப் பேர் செய்த சமையலுக்கு இப்போது இருவர் போதும் என்பதால் குழுவில் முறை வைத்துப் போனார்கள். வேலை இல்லாதவருக்கும் அன்றைய கூலியில் ஒரு பங்கு கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

2021 மே 10 அன்று இரண்டாவது அலைக்கான முழு ஊரடங்கு தொடங்கியபோது பயம் இதைவிடக் கூடுதல். எங்கள் தெருவிலேயே இறப்புகள் நேர்ந்தன. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டு தவணைகளாக வந்த நான்காயிரம் ரூபாயும், பதினான்கு மளிகைப் பொருட்கள் கொண்ட பையும் அந்த முறை எங்களைக் காப்பாற்றின என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

திருமயம் வட்டத்திலிருந்து, சிறு கடை நடத்துபவர்

செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும், எங்கள் ஊர்கள் சில புதுக்கோட்டை மாவட்டத்திலும் சில சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கின்றன. பெண் கொடுத்ததும் எடுத்ததும், மருத்துவம் பார்ப்பதும், நகை வாங்குவதும் எங்களுக்குக் காரைக்குடியில்தான். மாவட்ட எல்லை என்ற ஒன்று இருப்பதையே ஊரடங்குக்கு முன்பு நாங்கள் பொருட்படுத்தியதில்லை. சோதனைச் சாவடி வைத்த பிறகு, அத்தை வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஜூன் மாதம் பேருந்து விட்டபோதும் புதுக்கோட்டை ஒரு மண்டலம், சிவகங்கை வேறு மண்டலம் என்றாகிவிட்டதால் காரைக்குடிக்கு நேராகப் போக வழியில்லை.

என் தாயார் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருக்குரிய வகை எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் தீர்ந்துபோயிற்று. காரைக்குடி மருந்துக்கடைக்காரருக்கு மருத்துவர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் மருந்தை எடுத்துவைத்தார். கொண்டுவருவது எப்படி என்பதுதான் கேள்வி. அத்தை மகன் வாங்கி, ஃபிளாஸ்கில் பனிக்கட்டி போட்டு, மருந்து அதில் நேரடியாகப் படாதபடி துணியில் சுற்றி வைத்து, சாவடிவரை கொண்டுவந்தான். இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். சாவடியில் இருந்த காவலரிடம் சீட்டைக் காட்டியதும், அவரே ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் நடந்துவந்து என்னிடம் கொடுத்தார். இரு பக்கமும் நின்றிருந்த நானும் அத்தை மகனும் உரக்கப் பேசி நலம் விசாரித்துக்கொண்டோம். அவன் மகளுக்குக் காது குத்தியதைக் கூட அங்கே நின்றுதான் கேட்டறிந்தேன்.

அடுத்த மாதமே எங்கள் ஊரில் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதினேன்: யாருக்கு எந்த மருந்து, எந்தத் தேதியில் தீரும், எந்தக் கடையில் கிடைக்கும், வாங்கிவர யார் இருக்கிறார்கள். பலருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. வெள்ளை மாத்திரை, பாதி உடைத்துச் சாப்பிடும் மாத்திரை என்றுதான் சொன்னார்கள். காலி அட்டையை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டேன். பிறகு மருந்துக்கு ஆளுக்கு ஆள் போகாமல், அனுமதிச்சீட்டு வைத்திருந்த ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து வாங்கிவந்தார். ஆகஸ்ட் 17க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் இ-பாஸ் தாமதமில்லாமல் கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக அது தேவையே இல்லை என்றானது. பேருந்துகள் எல்லையைத் தாண்டி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7 அன்று. முதல் வேலையாகத் தாயாரை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். நோட்டை நான் நிறுத்தவில்லை. 2021 மே மாதம் மீண்டும் எல்லாம் மூடப்பட்டபோது, பட்டியலில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் இரண்டு மாத மருந்து கையிருப்பில் இருந்தது.