புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து:

பைஃபோகலில் தூரத்துக்கும் படிப்புக்கும் நடுவே இருக்கும் கோடு வெளியே தெரியக்கூடாது என்றுதான், கோடே இல்லாமல் ஒரே லென்ஸில் பவர் மாறும் புரோகிரசிவுக்கு மாறினேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், விடுங்கள். போட்ட நாளிலிருந்து தாடையைத் தூக்கினால்தான் பேப்பர் படிக்க முடிந்தது. ஸ்டேஷன் படிக்கட்டில் கைப்பிடியை விட பயம். கடையில் ஒரே பதில்: "பழகிடும் சார்."

பழகவில்லை. நுங்கம்பாக்கத்தில் தெரிந்த ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பவர் சொல்பவர்) ஒருவரிடம் எடுத்துப் போனேன். பவரைப் பார்ப்பார் என்று நினைத்தால், அந்தப் பெண் லென்ஸை விளக்கொளியில் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடினார். புரோகிரசிவ் லென்ஸில் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு குட்டி அடையாளங்கள் பொறித்திருக்குமாம். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. அவற்றின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்தார். கம்பெனி அட்டையில் லென்ஸைப் பொருத்தி, கண்மணிக்கு நேரே வரவேண்டிய கூட்டல் குறியை வரைந்தார். அப்புறம் மாட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்து பார்த்தார். குறி கண்மணிக்கு 4 மி.மீ. கீழே கிடந்தது. படிக்கிற பகுதியும் அதே அளவு கீழே போய்விட்டது. பிறகு தாடையைத் தூக்காமல் என்ன செய்வது?

இன்னொரு கூத்து. கண்மணிகளுக்கு நடுவே 63 மி.மீ. என்று அளந்து, ஆளுக்குப் பாதி என்று பிரித்திருக்கிறார்கள். என் மூக்கு அவ்வளவு நியாயமாக நடுவில் இல்லை. வலது 30, இடது 33.

பவரில் குறையில்லை, லென்ஸும் நல்ல லென்ஸ். ஃப்ரேமை முதலில் முகத்துக்குச் சரிசெய்து, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக அளந்து, அதே பவரில் வேறு லென்ஸ் போட்டார்கள். தாடை இறங்கிவிட்டது.

அம்பத்தூரிலிருந்து:

லென்ஸ் லேபில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். இந்த லென்ஸில் மேலிருந்து கீழே பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அதற்கு விலையாக, பக்கவாட்டில் பார்வையைக் கலங்கவைக்கும், தேவையில்லாத சிலிண்டர் பவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். மின்க்விட்ஸ் தேற்றம் என்பார்கள்; எந்தக் கம்பெனியும் தப்ப முடியாது. 14 மி.மீ. நீளத்தில் 2.00 டயாப்டர் (பவரின் அலகு) கூடுகிறது என்றால், பக்கவாட்டில் மில்லிமீட்டருக்குச் சுமார் 0.29. அரை டயாப்டர் கலங்கலைப் பொறுத்துக்கொண்டாலும் தெளிவாகத் தெரியும் நடுவழியின் அகலம் மூன்றரை மி.மீ.தான். மேலே சொன்னவருக்கு ஒவ்வொரு கண்ணிலும் ஒன்றரை மி.மீ. தள்ளியிருக்கிறது. வழியின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார்!

இப்போது ஃப்ரீஃபார்ம் லென்ஸை வைர முனையால் புள்ளி புள்ளியாகச் செதுக்குகிறார்கள். மேற்பரப்பு மைக்ரான் கணக்கில் சரியாக இருக்கும். அதைக் கண்ணெதிரே உட்காரவைப்பது என்னவோ ஒரு ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும்தான்.

ஒரு எச்சரிக்கை: ஃப்ரீஃபார்மில் லென்ஸோமீட்டர் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) காட்டும் பவர் சீட்டில் எழுதியதிலிருந்து லேசாக மாறலாம். முகத்தில் ஃப்ரேம் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு ஈடுகட்டித்தான் செதுக்கியிருப்பார்கள். லென்ஸ் கவரில் இரண்டு பவர் அச்சிட்டிருந்தால் பதறாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து:

அம்மாவுக்கு வாங்கியபோது, லென்ஸில் கம்பெனியே அச்சிட்டிருந்த மஞ்சள் குறிகளைக் கடைப் பையன் துடைக்கப் போனான். "இருப்பா, மாட்டிப் பார்த்துட்டுத் துடை" என்றேன். கூட்டல் குறி கண்மணிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. மூக்குப் பட்டையை நெருக்கியதும் ஃப்ரேம் மேலே ஏறி, சரியாக வந்துவிட்டது. ஆனால் மே மாத வியர்வையில் அது வழுக்கி இறங்கினால் பழைய கதைதான். சிலிக்கான் பட்டை மாற்றிக் கேளுங்கள், அதற்குப் பெரிதாகக் காசு வாங்குவதில்லை.