மாமியார் சாயங்காலமானா "வீட்டுக்குப் போகணும்"னு கிளம்புறாங்க. வயசு மறதியா, அல்சைமரா?

அல்சூர் மருமகள்:
மாமியாருக்கு 74 வயசு, எங்களோடதான் இருக்காங்க. ஒரு வருஷமா மறதி கூடிக்கிட்டே வருது. எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு ஞாபகம் இல்லை, ஆனா கல்யாணத்துல யார் என்ன சீர் வச்சாங்கன்னு வரிசையா சொல்றாங்க. நாற்பது வருஷம் சரளமா பேசின கன்னடம் இப்போ தடுமாறுது. ஆறு மணிக்கு மேல பையை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிடறாங்க. பத்து வருஷமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறாங்க. யாரைப் பார்க்கணும், என்னென்ன பரிசோதனை?

நரம்பியல் செவிலி:
நீங்க சொல்ற வரிசை முக்கியம். அல்சைமர் பெரும்பாலும் மூளையில ஹிப்போகாம்பஸ்ங்கிற பகுதியைத்தான் முதல்ல தாக்கும். புது விஷயம் பதியுற இடம் அது. அதனால பழசு நிக்கும், இன்னிக்கு நடந்தது நிக்காது. பிற்பாடு கத்துக்கிட்ட மொழி முன்னாடியே தளர்றதும் உண்டு.

ஆனா பேரு வைக்கிறதுக்கு முன்னாடி, சரி பண்ணக்கூடிய காரணங்களைத் தேடணும். மெட்ஃபார்மின் நாள்பட பி12 சத்தைக் குறைக்கும். அந்தக் குறைவே மறதியைத் தரும், இருக்கிற மறதியை மோசமாவும் ஆக்கும். பி12, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சோடியம், சர்க்கரை, மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், இதெல்லாம் கேப்பாங்க. சமீபத்துல விழுந்திருந்தா கட்டாயம் சொல்லுங்க. மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கசிஞ்சாலும் இதே மாதிரி இருக்கும். காது சரியா கேக்குதா, மனச்சோர்வு இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க.

பெங்களூரு ஓசூர் ரோடுல இருக்கிற மனநல, நரம்பியல் மருத்துவமனை நிம்ஹான்ஸ்ல முதியோர் கிளினிக் இருக்கு. ஞாபகப் பரிசோதனையைத் தமிழ்லயே வைக்கச் சொல்லிக் கேளுங்க. தடுமாறுற மொழியில வச்சா மதிப்பெண் தப்பா வரும். எது எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க, மாத்திரை அட்டை எல்லாத்தையும் கொண்டு போங்க.

ஒண்ணு மட்டும் காத்திருக்கக் கூடாது: ஒரே நாள்ல, ரெண்டே நாள்ல குழப்பம் திடீர்னு ரொம்பக் கூடினா அது அல்சைமர் வேகம் இல்லை. மூத்திரத் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி.

மருந்துக்கடை மணி:
அல்சைமர்னு உறுதியானா டோனெபெசில் எழுதுவாங்க. ராத்திரி 5 மில்லிகிராம், நாலிலிருந்து ஆறு வாரம் பார்த்துட்டு 10. நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் நிதானமா வைக்கும். குமட்டல், பேதி வரலாம். நாடித்துடிப்பைக் குறைக்கும், அதனால முன்னாடியே ஈசிஜி எடுக்கறது நல்லது. கெட்ட கனவு வந்தா டாக்டரைக் கேட்டு காலை வேளைக்கு மாத்தலாம், நீங்களா நிறுத்தாதீங்க.

பலர் கவனிக்காத ஒண்ணு: டோனெபெசில் மூளையில ஞாபகத்துக்கு உதவுற அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்தைக் கூட்டுது. அரிப்புக்கும் சளிக்கும் நாமளே வாங்குற ஃபெனிரமைன், குளோர்ஃபெனிரமைன், மூத்திரம் அடங்க தர்ற ஆக்ஸிபியூடினின், தூக்கத்துக்குத் தர்ற அமிட்ரிப்டிலின் எல்லாம் அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கும். ரெண்டும் ஒண்ணா உள்ள போனா பலனும் இல்லை, குழப்பமும் கூடும்.

கோரமங்களா ரவி:
கிளம்புற நேரத்துக்கு வாசல் கதவைப் பூட்டி வச்சுடுங்க, போதும்.

பராமரிப்புத் தோழி:
ரவி சார், அது போதாது. தட்டித் தட்டிப் பயம் கூடும், தள்ளிக்கிட்டுப் போவாங்க, விழுவாங்க. தனியா உள்ளே வச்சுப் பூட்டினா தீ விபத்துல வெளியேற வழியே இருக்காது. தாழ்ப்பாளைக் கண்பார்வைக்கு மேல உயரத்துல போட்டு, ஒருத்தர் கூடவே இருக்கணும். கதவுல ஒரு சின்ன மணி கட்டுங்க.

"இதுதாம்மா உங்க வீடு"னு வாதாடினா அவங்களுக்கு நீங்க பொய் சொல்ற மாதிரி இருக்கும். அவங்க தேடுற வீடு பெரும்பாலும் பிறந்த வீடு, இல்லைன்னா மனசு அடங்குற ஒரு இடம். "அங்க யார் யார் இருப்பாங்க அத்தை?"னு கேளுங்க, பேச விடுங்க. கூடவே தெருமுனை வரைக்கும் நடந்து திரும்பி வந்தா பல நாள் அதுலயே தணியும்.

வெளிச்சம் மங்கும்போது நிழல் ஆளா தெரியும், உடம்புக் கடிகாரமும் தளர்ந்திருக்கும். அஞ்சரைக்கே எல்லா விளக்கும் போட்டுத் திரையை இழுத்து விடுங்க. அதுக்கு முன்னாடி பாத்ரூம் கூட்டிட்டுப் போய், ஒரு டம்ளர் பாலோ ரெண்டு பிஸ்கட்டோ கொடுங்க. பசியையும் மூத்திரம் முட்டுறதையும் அவங்களால சொல்லத் தெரியாது, அதுவே கிளம்பற அவசரமா வெளிப்படும். பகல்ல அரைமணிக்கு மேல தூங்க விடாதீங்க. காபி மதியத்தோட சரி.

சேலை முந்தியில தைக்கிற மாதிரி உங்க நம்பர் எழுதின துணிப்பட்டை, கையில பேர் போட்ட வளையல் ரெண்டும் இருக்கட்டும். தினம் காலையில ஒரு போட்டோ எடுத்து வைங்க, காணோம்னா அன்னிக்கு என்ன உடைன்னு உடனே காட்டலாம். காணாமப் போனா ஒருமணி நேரம் தேடிட்டுப் பார்க்கலாம்னு இருக்காதீங்க, 112 கூப்பிடுங்க. சமையல் முடிஞ்சதும் கேஸை ரெகுலேட்டர்லயே அணைச்சிடுங்க.

அல்சூர் மருமகள்:
நன்றி. பேங்க், வீட்டுப் பத்திரத்துக்கு அவங்க சார்பா நாங்க கையெழுத்துப் போடுற மாதிரி இப்பவே பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கிடலாமா?

வழக்கறிஞர் வெங்கட்:
பவர் மட்டும் நம்பாதீங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 படி, எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தா பவர் முடிஞ்சிடும். தேவைப்படுற நாள்லதான் அது செல்லாமப் போகும். அவங்க சம்மதத்தோட, கணக்கை இப்பவே "இருவரில் ஒருவர்" முறையில கூட்டுக் கணக்கா மாத்துங்க, நியமனதாரரை (நாமினி) பதியுங்க. உயில் எழுத விரும்பினா, அன்னைக்கே ஒரு டாக்டர் பரிசோதிச்சு "தெளிவா இருக்காங்க"ன்னு சான்று தரட்டும், ரெண்டு சாட்சி கையெழுத்தும் கட்டாயம். காலம் தாழ்ந்தா உயர்நீதிமன்றத்துல பாதுகாவலர் நியமனம் கேட்டு மனு போட வேண்டி வரும், மாசக்கணக்குல இழுக்கும். எதையும் காலை வேளையில, அவங்க தெளிவா இருக்கும்போது விளக்கிச் சொல்லிட்டு வாங்குங்க.