ரோமில் சைவச் சாப்பாடு: அம்மாவோடு ஆறு நாள்

ரோமுக்குப் போகும் சைவக்காரர்கள் எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருந்தார்கள். போன மார்ச்சில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். பீட்சாவும் பாஸ்தாவும் கிடைக்கிற ஊர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கிளம்பினேன். அங்கே போன பிறகுதான் எதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிட வேண்டிய ஊர் என்று புரிந்தது.

முதல் நாள் மதியமே பட்டுவிட்டது. பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. சுக்கினிப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நம் பூசணிப்பூ மாதிரியே இருக்கும். பூதானே என்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்ததும் அம்மா நிறுத்திவிட்டார். "ஏண்டி, கருவாட்டு வாடை அடிக்குதே?" பிரித்துப் பார்த்தால் மொசரெல்லா சீஸோடு உப்பில் ஊறிய நெத்திலி ஒன்று. ரோமில் இதை அப்படித்தான் செய்வார்களாம், கடைக்காரர்மேல் தப்பில்லை. கேட்காமல் வாங்கினது நான்தான். அம்மா வாய் கொப்பளித்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்தார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அப்புறம் உஷாராகிவிட்டேன். 'புந்தரெல்லே' என்று ஒரு பச்சைக்கீரை சாலட், அதன் சாறிலும் நெத்திலி அரைத்திருப்பார்கள். 'சுப்ளி' என்ற சோற்று உருண்டை பார்க்க நம் போண்டா மாதிரி இருக்கும், பெரும்பாலும் இறைச்சிச் சாறில் வெந்த சோறு அது. எல்லாரும் சொல்கிற 'காச்சோ எ பெப்பே' பாஸ்தாவில் இருப்பது சீஸும் மிளகும் மட்டும்தான். ஆனால் அதில் போடும் பெக்கொரினோ ரொமானோ சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையை ஊற்றித்தான் உறைய வைக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். சொல்லிவிட்டேன். "சொன்னது நல்லதாப் போச்சு, எனக்கு வேண்டாம்" என்றார்.

சரி, என்னதான் சாப்பிட்டோம்? மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, சீஸே கிடையாது. துண்டு பீட்சாக் கடைகளில் கையால் அளவு காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். கசப்புக் கீரையை வேகவைத்து ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய் போட்டு வதக்கிய 'சிக்கோரியா' அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தினமும் கேட்டார். 'ஸென்ட்ஸா கார்னே, ஸென்ட்ஸா பேஷே, ஸென்ட்ஸா அலீச்சி' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறைச்சி, மீன், நெத்திலி வேண்டாம் என்று அர்த்தம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் டெஸ்டாச்சோ பக்கம் போகலாம். 1975 வரை ஊரின் இறைச்சிக்கூடம் அங்கேதான் இருந்தது, குடலும் வாலும் அந்தப் பேட்டைக்குப் பேர் வாங்கித் தந்தவை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பழைய யூதர் பேட்டையைப் பற்றி. 1555-இல் போப் நான்காம் பவுல் ஊரிலிருந்த யூதர்களையெல்லாம் ஆற்றங்கரையில் ஒரு சின்ன இடத்தில் அடைத்து, இரவில் கதவைப் பூட்ட வைத்தார். 1870 வரை அந்த நிலைமை முழுசாகத் தீரவில்லை. அவர்கள் கையில் பிறந்த பண்டம்தான் 'கார்ச்சோஃபி அல்லா ஜுதியா'. ஆர்டிச்சோக் என்பது காய்போலச் சமைக்கிற ஒரு பெரிய பூமொட்டு. அதை முழுசாக எண்ணெயில் இரண்டு முறை பொரிப்பார்கள். தட்டில் வந்தபோது செவந்திப்பூ விரிந்த மாதிரி, வெண்கல நிறத்தில் இருந்தது. ஓரத்து இதழ்கள் வடகம் போல நொறுங்குகின்றன, நடுத்தண்டு வெண்ணெய். அம்மா இதழ் இதழாகப் பிய்த்து, கடைசியில் தண்டை எனக்குப் பாதி தந்தார். "வாழைப்பூவை இப்படி முழுசாப் பொரிச்சா வருமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அங்கே இன்னொரு சௌகரியம் உண்டு. 'கோஷர்' என்கிற யூதர்களின் உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் ஒரே சமையலறையில் கலக்கக் கூடாது. அதனால் பால் வகை கோஷர் உணவகத்தில் இறைச்சி என்பதே இருக்காது. மீனும் முட்டையும் இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்ட இடம் அதுதான்.

ஆர்டிச்சோக் சீசன் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி பொழுது சாயும்வரை கோஷர் கடைகள் மூடியிருக்கும். நாங்கள் முதலில் போனது ஒரு சனிக்கிழமை மதியம். பசியோடு திரும்பி நடந்தபோது தெருக்குழாய் ஒன்று கண்ணில் பட்டது. மூக்கு மாதிரி வளைந்திருக்கும், நல்ல தண்ணீர், ஊரெங்கும் இருக்கிறது. வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சுகிறது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதடு படாமல் அண்ணாந்து குடித்தார்.